குழந்தைகள் வார்டில் யார் படுத்திருக்கிறார்கள்?

நோயின் பெயர் மட்டும் போதாது

அரசு மருத்துவமனையொன்றின் குழந்தைகள் வார்டுப் பதிவேட்டைப் புரட்டினால் நிமோனியா, வயிற்றுப்போக்கு, காய்ச்சல் வலிப்பு, வீசிங், மழைக்காலத்தில் டெங்கு என்று நோய்ப் பெயர்கள் வரிசையாக வரும். அந்தப் பெயர்களைவிடப் பக்கத்தில் எழுதியிருக்கும் வயதும் எடையும்தான் முக்கியம் என்பேன். சேர்க்கப்படுபவர்களில் பெரும்பாலோர் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள், கைக்குழந்தைகள் கணிசம். அவர்களுடைய மூச்சுக்குழாய் குறுகலானது, கொஞ்சம் சளி கட்டினாலே அடைத்துக்கொள்ளும். சில முறை வயிற்றாலே போனாலே நீர்ச்சத்து வற்றத் தொடங்கும். எடையும் குறைவாக இருந்துவிட்டால், அண்ணனுக்குத் தானாகச் சரியாகிப்போன அதே சளி தம்பியைப் படுக்கையில் தள்ளிவிடும். ஐந்து வயதுக்குள் நேரும் இறப்புகளில் ஏறக்குறைய பாதி ஊட்டச்சத்துக் குறைவோடு தொடர்புடையவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். பதிவேட்டிலோ நிமோனியா என்றுதான் இருக்கும்.

ஏழ்மை மட்டும்தான் காரணமா?

அரசு மருத்துவமனைக்கு ஏழைகள்தானே வருகிறார்கள், எடை குறைந்த பிள்ளைகள் அங்கே இருப்பதில் என்ன வியப்பு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, வார்டை வைத்து ஊரை அளக்க முடியாது. வீடு வீடாக எடுத்த கணக்கைப் பார்ப்போம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 6 முதல் 59 மாதம் வரையுள்ள குழந்தைகளில் 57.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. உயரத்துக்கேற்ற எடை இல்லாதவர்கள் 14.6 சதவீதம். பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளைத் தொடும் ஒரு குறையை ஏழ்மைக் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது.

வீட்டில் கழியும் நாட்கள்

"பல்லு முளைக்குது, அதான் வயிறு போகுது" என்று காத்திருப்பதில் இரண்டு நாள் போய்விடும். ஓ.ஆர்.எஸ். கொடுப்பவர்களிலும் சிலர், ஒரு லிட்டர் தண்ணீருக்கான பாக்கெட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டி டம்ளரில் கலக்குகிறார்கள். உப்பு கூடிப்போனால் அதுவே ஆபத்து. அப்படியானால் இருமலுக்கெல்லாம் ஆஸ்பத்திரிக்கு ஓடுவதா? வேண்டாம். பெரும்பாலான சளி வீட்டிலேயே சரியாகும். சட்டையைத் தூக்கி, குழந்தை அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40 அல்லது அதற்கு மேல் போனால் அன்றைக்கே காட்ட வேண்டும். மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, எழுப்பினாலும் சோர்ந்து கிடந்தாலோ எண்ணிக்கொண்டிருக்க நேரமில்லை.

வராத குழந்தைகள்

இந்திய மருத்துவமனைப் பதிவுகள் பலவற்றிலும் ஆண் குழந்தைகளே அதிகம். கைக்குழந்தைப் பருவத்தில் ஆண்களுக்குத் தொற்று சற்றுக் கூடுதலாக வருவது உண்மை. வித்தியாசத்தில் ஒரு பங்கை அது விளக்கும். ஆனால் இயற்கை அப்படியிருக்க, இந்தியாவில் நெடுங்காலம் ஐந்து வயதுக்குட்பட்ட பெண் குழந்தைகளின் இறப்பு விகிதமே கூடுதலாக இருந்தது. ஆகவே வார்டில் பெண் பிள்ளைகள் குறைவாக இருப்பதை நோய் குறைவு என்று படிக்கக் கூடாது. கிராம சுகாதாரச் செவிலியரின் பதிவேட்டை வார்டுப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் வைத்தால்தான், வந்திருக்க வேண்டிய குழந்தைகளில் எத்தனை பேர் வரவில்லை என்பது தெரியும்.