பேச்சு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்

மூளை முடக்குவாதம் உள்ள 14 வயதுப் பையனை மார்த்தாண்டத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு என்னிடம் அழைத்து வந்தார்கள். “மக்ளே, காலைல என்ன சாப்பிட்ட?” என்றேன். அம்மா பதில் சொன்னார். தோசை, புட்டு என இரண்டு படங்களை நீட்டி எது பிடிக்கும் என்று கேட்டேன். அவன் பார்வை புட்டுக்குப் போனது. “அவனுக்குப் புட்டு பிடிக்காது டாக்டர்.” படங்களை இடம் மாற்றினேன். பார்வை மறுபடியும் புட்டைத் தேடிப் போனது. அதுவரை அவனிடம் யாரும் கேட்டதே இல்லை.

இப்படிக் காலம் கடந்து வருகிறவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

வசம்பும் டானிக்கும்

பேச்சு வரும் என்று நம்பி நாக்கில் வசம்பு தேய்க்கிறார்கள். கடையில் ‘மூளை டானிக்’ வாங்கி ஊற்றுகிறார்கள். விழுங்கவே சிரமப்படும் பிள்ளைக்குப் புரையேறினால் அந்த டானிக் நுரையீரலுக்குப் போகும். வலிப்பு மாத்திரைதான் பேச்சை அமுக்குகிறது என்று தாங்களாகவே நிறுத்திவிட்டு வருகிறவர்களும் உண்டு. எத்தனை முறை சொல்வது? உயிருக்கே ஆபத்து.

படம் காட்டினால் சோம்பேறி ஆகிவிடுவானா?

ஆகமாட்டான். படங்களைத் தொட்டோ பார்த்தோ பதில் சொல்லும் படப்பலகையால் பேச்சு குறைவதில்லை, பலருக்குச் சற்றுக் கூடுகிறது என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. சென்னை ‘வித்யாசாகர்’ அமைப்பின் துணையோடு அஜித் நாராயணன் உருவாக்கிய ‘ஆவாஸ்’ செயலி, தொட்ட படத்தைக் குரலாக்குகிறது. வசதி இல்லையென்றால் அட்டையும் பசையும் போதும். மூளை முடக்குவாதம் உள்ள மும்பையின் மாலினி சிப் ஒற்றை விரலால் தட்டச்சு செய்தே இரண்டு முதுகலைப் பட்டங்கள் பெற்றார்.

கையைப் பிடிக்காதீர்கள்

மணிக்கட்டைப் பிடித்து எழுத்துகளைத் தொடவைக்கும் முறையை நம்பிச் சிலர் வருகிறார்கள். பிடிப்பவருக்கு விடை தெரியாதபோது பிள்ளையின் விடையும் தவறிப்போவதைச் சோதனைகள் காட்டிவிட்டன. அமெரிக்கப் பேச்சு, செவித்திறன் சங்கம் 2018-இல் இதை வேண்டாம் என்றது. அன்பால் செய்தாலும், வருவது உங்கள் சொல்தான். பலகையை மேசையில் வையுங்கள். அவன் கண்ணால் காட்டட்டும், முழங்கையால் காட்டட்டும்.

பரிசோதனை

பேச்சு வரவில்லை என்றால் முதலில் செவித்திறனைப் பரிசோதியுங்கள். அதற்குத் திருவனந்தபுரம் ஆக்குளத்தில் 1997 முதல் ‘நிஷ்’ என்ற தேசியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் இருக்கிறது.

கெஞ்சிக் கேட்கிறேன்

கேள்வியை அவனிடமே கேளுங்கள். கேட்டபின் மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள், குறுக்கே பேசாதீர்கள். ‘வேண்டாம்’, ‘வலிக்கிறது’, ‘நிறுத்து’ ஆகிய படங்களை முதலில் ஒட்டுங்கள். தன்னை யாராவது தவறாகத் தொட்டால் அவன் வேறெப்படிச் சொல்வான்? 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இத்தகைய மாற்றுவழிகளையும் தகவல்தொடர்பு என்றே ஏற்கிறது. பள்ளிப் பையிலேயே பலகையைப் பூட்டிவைக்காதீர்கள். சாப்பிடும்போதும், பேருந்திலும், படுக்கையிலும் அது அவன் பக்கத்தில் இருக்கட்டும். அடுத்த முறை இங்கேயும் கொண்டு வாருங்கள். நான் அவனிடம்தான் கேட்கப்போகிறேன்.