16 வயதில் டாட்டூ: யார் தடுப்பது?

பிளஸ் டூ கடைசித் தேர்வு முடிந்த கையோடு பிள்ளைகள் வீட்டில் அடம்பிடிக்கும் பட்டியலில் இப்போது டாட்டூவும் சேர்ந்துவிட்டது. சிலர் கேட்பதுகூட இல்லை, குத்திக்கொண்டு வந்து காட்டுகிறார்கள். மணிக்கட்டில் ‘அம்மா’ என்று எழுதிக்கொண்டு வந்து நிற்கும் மகனைத் திட்டுவதா கட்டிக்கொள்வதா என்று தெரியாமல் விழிக்கும் தாய்மார்கள் உண்டு. அந்த எழுத்துக்குள் என்ன மை போனது, யாருக்குக் குத்திய ஊசி போனது என்று விசாரிப்பவர்கள் குறைவு. 18 வயது நிரம்பாத பையனை அந்தக் கடைக்காரர் நாற்காலியில் உட்கார வைத்ததே சரியா என்று கேட்பவர்கள் அதைவிடக் குறைவு.

## சட்டம் என்ன சொல்கிறது?

டாட்டூவுக்கென்று வயது வரம்பு விதிக்கும் தனிச்சட்டம் எதுவும் நாடு முழுமைக்குமாக இந்தியாவில் இல்லை. பெருநகரங்களில் பெயரெடுத்த கடைகள் ஆதார் அட்டையைப் பார்க்கின்றன, படிவத்தில் கையெழுத்து வாங்குகின்றன. அது அவர்களாக வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. அடுத்த தெருக் கடையில் அதைக் கேட்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

அதற்காகக் கடைக்காரருக்கு எல்லாமே சாதகம் என்றும் இல்லை. 1875-ஆம் ஆண்டின் வயதுவந்தோர் சட்டப்படி ஒருவர் மேஜர் ஆவது 18 வயதில். 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி மைனர் ஒப்பந்தம் செய்யத் தகுதியற்றவர். ஆகவே ‘என் விருப்பத்தின் பேரிலேயே குத்திக்கொள்கிறேன், பின்விளைவுகளுக்கு நானே பொறுப்பு’ என்று 16 வயதுப் பெண் போட்ட கையெழுத்து, சட்டத்தின் கண்ணில் வெறும் கிறுக்கல்.

இன்னும் முக்கியமானது குற்றவியல் சட்டம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 87-ஆவது பிரிவு, 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 25-ஆவது பிரிவாக வந்திருக்கிறது. கொடுங்காயமோ மரணமோ விளைவிக்கும் நோக்கமில்லாத ஒரு செயலில் ஒருவருக்குக் காயம் பட்டால், அவர் ஏற்கெனவே சம்மதித்திருந்தார் என்பதைக் காட்டித் தப்பிக்கலாம் என்கிறது அது. விளையாட்டாக வாள் வீசிக்கொள்ளும் இருவரை உதாரணம் காட்டுகிறது. ஆனால் சம்மதித்தவர் 18 வயதைக் கடந்தவராக இருக்க வேண்டும். 17 வயதுப் பிள்ளையின் கை சீழ் பிடித்து விவகாரம் காவல் நிலையத்துக்குப் போனால், ‘அவன்தானே வந்து கேட்டான்’ என்ற வாதத்தோடு கடைக்காரர் இந்தப் பிரிவின் நிழலில் ஒதுங்க முடியாது.

என்ன குறை என்றால், இதெல்லாம் காயம் பட்ட பிறகு புரட்டுகிற பக்கங்கள். 2024 டிசம்பரில் திருச்சியில் ஒரு டாட்டூ கடையில் மருத்துவத் தகுதி எதுவும் இல்லாமல் நாக்கைப் பிளந்துவிட்டார்கள். வீடியோ பரவிய பிறகுதான் கைதும் சீல் வைப்பும் நடந்தன. முன்கூட்டியே கதவருகில் நின்று வயதைக் கேட்கும் சட்டம் நம்மிடம் இல்லை.

## அம்மா அப்பா சம்மதித்தால் போதுமா?

உலகம் இதில் ஒரே மாதிரி யோசிக்கவில்லை. பிரிட்டனில் 1969-லேயே இதற்கென்று தனிச்சட்டம் போட்டுவிட்டார்கள். 18 நிரம்பாதவருக்கு டாட்டூ குத்துவது குற்றம், பெற்றோர் பக்கத்திலேயே நின்று தலையாட்டினாலும் குற்றம்தான். மருத்துவக் காரணத்துக்காக மருத்துவரோ அவர் மேற்பார்வையில் இன்னொருவரோ குத்தினால் மட்டும் விலக்கு. புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும்போது தினமும் ஒரே இடத்தில் கதிர் பட வேண்டும் என்று தோலில் சிறு புள்ளிகள் குத்துவார்களே, அந்த மாதிரி. 18 ஆகிவிட்டதென்று தான் நம்பியதற்கு நியாயமான காரணத்தைக் காட்ட வேண்டிய பொறுப்பும் குத்தியவருடையது. அதனால்தான் அங்கே கடைக்காரர் அடையாள அட்டையைக் கேட்கிறார்.

அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் கதை வேறு. கலிபோர்னியாவும் நியூயார்க்கும் 18-க்குக் கீழ் கிடையவே கிடையாது என்கின்றன. டெக்சாஸில் ஒரு விசித்திரமான விலக்கு உண்டு: பிள்ளையின் உடம்பில் ஏற்கெனவே ரவுடிக் கும்பலின் சின்னமோ ஆபாச வாசகமோ இருந்தால், அதை மறைப்பதற்காக, பெற்றோர் உடனிருந்து சம்மதித்தால் மேலே இன்னொன்று குத்தலாம். பிரான்சில் பெற்றோர் எழுதிக் கொடுத்தால் போதும்.

எனக்கு பிரிட்டன் சட்டம்தான் சரி என்று படுகிறது. பிள்ளைக்கு அறுவை சிகிச்சை என்றால் நாம் கையெழுத்துப் போடுவது அவன் நலனுக்காக. டாட்டூவில் அப்படி அவசரம் ஒன்றும் இல்லை. இரண்டு வருடம் பொறுத்தால் அவனே போட்டுக்கொள்ளப் போகிற கையெழுத்தை நாம் ஏன் முந்திக்கொண்டு போட வேண்டும்? அப்படியானால் குழந்தைக்குக் காது குத்துகிறோமே என்று கேட்பீர்கள். காதில் தோட்டைக் கழற்றிவிட்டால் துளை பெரும்பாலும் தூர்ந்துவிடும். மை அப்படிப் போகாது.

## தோலுக்குள் நடப்பது

டாட்டூ மெஷினின் ஊசி நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை ஏறி இறங்கும். மேல்தோலைத் தாண்டி, ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில் உள்தோலில் மையை இறக்கும். உடம்பு அதை அன்னியப் பொருளாகத்தான் பார்க்கிறது. மேக்ரோபேஜ் எனப்படும் விழுங்கு செல்கள் ஓடிவந்து மைத்துகள்களை விழுங்கிவிடும், ஆனால் செரிக்க முடியாது. அந்தச் செல் செத்தால் துகள் வெளியே விழும், புதிய செல் வந்து அதை மறுபடி விழுங்கும். எலிகளிடம் நடந்த இந்த ஆராய்ச்சியை பிரான்ஸ் விஞ்ஞானிகள் 2018-இல் வெளியிட்டார்கள். டாட்டூ அழியாமல் நிற்பதற்குக் காரணம் உடம்பின் இந்த முடியாத போராட்டம்தான். மையில் ஒரு பங்கு அங்கேயே தங்குவதும் இல்லை. நுண்ணிய துகள்கள் நிணநீர்க் கணுக்களில் போய்ச் சேருவதை ஐரோப்பிய ஆய்வாளர்கள் 2017-இல் காட்டினார்கள்.

இளம் வயதுக்கென்று தனியாக இரண்டு சங்கடங்கள். முதலாவது, தழும்பு மேடாகத் தடித்து வளரும் கெலாய்டு. பத்துக்கும் முப்பதுக்கும் இடைப்பட்ட வயதில்தான் இது அதிகம், நம்மைப் போன்ற கருநிறத் தோலில் இன்னும் அதிகம். அம்மைத் தழும்போ காது குத்திய இடமோ தடித்துப்போன பிள்ளைக்கு, தோள்பட்டையிலும் நெஞ்சிலும் டாட்டூ என்ற பேச்சே வேண்டாம். இரண்டாவது, வளர்ச்சி. 15 வயதில் புஜத்தில் குத்திய சிங்கம், உடம்பு வாட்டசாட்டமானதும் அகண்டு வேறு மிருகமாகிவிடும்.

## மையும் ஊசியும்

திருவிழாக் கூட்டத்தில் ஒரு டாட்டூ கடையைப் பத்து நிமிடம் கவனித்துப் பாருங்கள். ஊசியைப் புதுப் பாக்கெட்டிலிருந்து பிரிக்கிறாரா, முந்தையவருக்குக் குத்திய அதே ஊசியைத் துணியில் துடைக்கிறாரா? மையைச் சின்ன மூடியில் ஒவ்வொருவருக்கும் தனியாக ஊற்றுகிறாரா, ஒரே கிண்ணத்தில் எல்லோருக்கும் தொட்டுக்கொள்கிறாரா? கையுறை போட்ட கையாலேயே செல்போனை எடுத்துப் பேசிவிட்டு வந்து குத்துகிறாரா?

ஹெபடைடிஸ் பி வைரஸ் உடம்புக்கு வெளியே, காய்ந்த ரத்தத்தில்கூட, ஏழு நாள் உயிரோடு இருக்கும். இந்த நோயைக் காரணம் காட்டித்தான் நியூயார்க் நகரம் 1961 முதல் 1997 வரை டாட்டூ குத்துவதையே தடை செய்திருந்தது. ஹெபடைடிஸ் பிக்குத் தடுப்பூசி உண்டு, ஹெபடைடிஸ் சி-க்கு இல்லை.

ஊசி புதிதாக இருந்து மை கெட்டிருந்தாலும் ஆபத்துதான். 2011-இல் நியூயார்க் மாநிலத்தின் ராசெஸ்டரில், தண்ணீரிலும் மண்ணிலும் வாழும் ஒரு வகை மைக்கோபாக்டீரியா சாம்பல்நிற மை வழியாக 19 பேரின் தோலில் தொற்றியது. மையைக் குழாய்த் தண்ணீரில் கரைத்தாலும் இது நடக்கலாம். வண்ணங்களில் அதிகம் ஒவ்வாமை தருவது சிவப்பு. ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரியில் டாட்டூ மைகளில் ஆயிரக்கணக்கான ரசாயனங்களுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது.

குத்துவதுதானே ஆபத்து, ‘பிளாக் ஹென்னா’ வரைந்துகொள்ளட்டும் என்று விடுவோரும் உண்டு. அசல் மருதாணி கறுப்பாகப் பிடிக்காது. கறுப்பு வரவேண்டும் என்று அதில் கலப்பது பெரும்பாலும் தலைமுடிச் சாயத்தில் உள்ள பிபிடி. அது சில பிள்ளைகளுக்குக் கொப்புளம் கிளப்பி, பிற்காலத்தில் ‘டை’ அடித்தாலே முகம் வீங்கும் அளவுக்கு ஆயுள் ஒவ்வாமையை விட்டுச்செல்லும்.

## ஆள் எடுக்கும் வரிசையில்

துணை ராணுவப் படைகளுக்கு விண்ணப்பிக்க நினைக்கும் பிள்ளைகள் இதைக் குறித்துக்கொள்ளட்டும்: அங்கே மருத்துவத் தேர்வில் டாட்டூவையும் பார்ப்பார்கள். சல்யூட் அடிக்காத இடது முன்கையின் உட்புறம், புறங்கை ஆகிய இடங்களில், அந்த உறுப்பின் கால் பங்குக்கும் குறைவான அளவில், பெயரோ மதச் சின்னமோ இருந்தால் ஏற்பார்கள். வலக்கை முழுக்க டிராகன் என்றால் ஓட்டத்தில் முதலில் வந்தும் பயனில்லை. லேசரில் எடுத்துவிடலாமே என்பார்கள். ஆறேழு வார இடைவெளியில் பல முறை போக வேண்டும், குத்தியதைவிடப் பல மடங்கு செலவாகும், பச்சையும் மஞ்சளும் லேசில் போகாது, நம் நிறத் தோலில் வெள்ளைத் திட்டு விழவும் வாய்ப்பு உண்டு.

## ஏற்கெனவே குத்திக்கொண்டு வந்துவிட்டால்

அடிப்பதில் பலனில்லை, பயத்தில் காய்ச்சலைக்கூட மறைத்துவிடுவார்கள். மிருதுவான சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவச் சொல்லுங்கள். மஞ்சள், பவுடர், பற்பசை எதுவும் வேண்டாம். சில நாள் சிவப்பும் வலியும் சகஜம். சிவப்பு பரவினாலோ சீழோ காய்ச்சலோ வந்தாலோ தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். இரண்டு மூன்று வாரம் கழித்து மை போன இடத்தில் சிறு கட்டிகள் தோன்றினால், மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் வாங்கித் தராதீர்கள். மைக்கோபாக்டீரியா அதற்கெல்லாம் மசியாது.

ஒரே ஊசியைப் பலருக்குப் போட்டதாகப் பிள்ளை சொன்னால் நாள் கடத்தாமல் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். எச்ஐவி தடுப்பு மருந்து தேவையா என்று 72 மணி நேரத்துக்குள் முடிவெடுக்க வேண்டும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி முழுத் தவணையும் போட்டிருக்கிறதா என்பதையும் மருத்துவர் பார்ப்பார். மறுநாளே எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் ‘நெகட்டிவ்’ வந்தால் அதை நம்பி உட்கார்ந்துவிட வேண்டாம், மூன்று மாதம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். எச்ஐவி பரிசோதனை அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையத்தில் இலவசம். 18 நிரம்பாதவருக்கு அங்கே பெற்றோர் அல்லது காப்பாளரின் சம்மதம் கேட்பார்கள், குத்திய கடையில் யாரும் கேட்காத சம்மதம். பிள்ளையைத் தனியே அனுப்பாமல் கூடவே போங்கள். போகும் முன் விவரம் கேட்க 1097 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது.