வானிலே பெயர் சொல்லும் முறை

ஒரு வகுப்பிலே கந்தசாமி என்னும் பெயருடைய மாணவர் மூவர் இருப்பின், ஆசிரியர் வெறுமனே "கந்தசாமி" என்றழைத்தாற் போதாது. தந்தையின் பெயரின் முதலெழுத்தையும் சேர்த்தே அழைத்தல் வேண்டும். பழைய சிறு விமானங்களுக்கும் இத்தகைய இடர்ப்பாடு உண்டு.

இங்கிலாந்திலே விமானங்களைக் கட்டிய ஜெப்ரி டீ ஹவிலண்ட், அந்துப்பூச்சிகளிற் பெருவிருப்புடையவர். அதனால் தம் சிறு விமானங்கள் பலவற்றுக்கும் அந்துப்பூச்சியைக் குறிக்கும் "மொத்" என்னும் பெயரையே சூட்டினார். 1931 இல் முதன்முதலாகப் பறந்த டைகர் மொத் ஈரடுக்குச் சிறகும் திறந்த இருக்கைகளும் உடையது. புஸ் மொத்தோ ஓரடுக்குச் சிறகும் மூடிய அறையும் கொண்டது. 1935 இல் இரத்மலானையில் முதன்முதலாக இறங்கிய விமானம் இவ்வகையினதே. ஆகவே "மொத்" என்று மாத்திரம் கூறின், எதனைக் கொள்வது?

இதற்காகவே சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, விமான வகைகளுக்கு நான்கு எழுத்துக்கு மேற்படாத குறியீடுகளை வகுத்துள்ளது. விமானி புறப்படுமுன் கொடுக்கும் பறப்புத் திட்டத்திலே டைகர் மொத்தை "டீஎச்82" என்றும், புஸ் மொத்தை "டீஎச்80" என்றும் எழுதுதல் வேண்டும். நமது விமானப் படை தொடக்க காலத்திற் பயிற்சிக்கு வைத்திருந்த சிப்மங் "டீஎச்சீ1" ஆகும். அமெரிக்கப் பைப்பர் கப் "ஜே3" ஆகும். குறியீடே இல்லாத அரிய விமானமாயின், அவ்விடத்தில் "இஸட்" என்னும் எழுத்தை நான்கு முறை எழுதி, ஏனைய தகவல்களுக்குரிய பகுதியில் அதன் வகையைக் குறித்தல் வேண்டும்.

வானொலியில் அழைக்கும்போது, விமானத்தின் பதிவெழுத்துக்களை முழுமையாகச் சொல்லுவர். அவற்றின் முன்னே விமானத்தின் பெயரையும் சேர்க்கலாம். பின்னர் கட்டுப்பாட்டு நிலையம் அதனைச் சுருக்கி, "டைகர் மொத் சார்லி டெல்ட்டா" என இறுதி இரண்டெழுத்துக்களோடு அழைக்கக்கூடும். நிலையம் அவ்வாறு சுருக்கிய பின்னரே விமானியும் சுருக்கலாம். தாமாகச் சுருக்குதல் முறையன்று.

இத்துணைக் கண்டிப்பு எதற்கு? டைகர் மொத்தின் உச்ச வேகமே மணிக்கு ஏறக்குறைய 109 மைல். தரையிறங்க வரும் பெரிய ஜெற் விமானமோ ஏறக்குறைய 160 மைல் வேகத்தில் நெருங்கும். முன்னே செல்வது எதுவென்று அறியாமல் இரண்டுக்குமிடையே எவ்வளவு தூரம் விடுவதென்று தீர்மானித்தல் இயலாது. அன்றியும், பெரிய விமானத்தின் பின்னே எழும் சுழற்காற்று சிறு விமானத்தைப் புரட்டிவிடவுங்கூடும். விமானமொன்று காணாமற் போயின், தேடுவோர் ஈரடுக்குச் சிறகைத் தேடுவதா, ஓரடுக்குச் சிறகைத் தேடுவதா என்பதையும் அத்திட்டமே சொல்லும்.

பெயரைப் பிழையின்றி எழுதுக என்று மாணவர்க்கு நாம் நாள்தோறும் கூறுகின்றோம். வானிலே அப்பிழை உயிரையே விலையாகக் கேட்கக்கூடும்.