ஒழுகுவது ஓரிடம், பழுது வேறிடம்

எவரெஸ்ட் சிகரத்தில் முதலில் கால் பதித்த இருவரில் ஒருவரான எட்மண்ட் ஹில்லரி, 1958ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் தென் துருவத்தைச் சென்றடைந்தார். அவர் எதில் போனார் தெரியுமா? வயலை உழுவதற்காகச் செய்யப்பட்ட ஃபெர்குசன் டிஇ20 ரக டிராக்டரில்! பனியில் ஓடுவதற்குத் தோதாகச் சக்கரங்களைச் சுற்றிப் பட்டைகள் மாட்டியிருந்தார்கள்.

இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் 1946 முதல் 1956 வரை இந்த ரக டிராக்டர்கள் 5 லட்சத்துக்கும் மேல் தயாராயின. அவற்றுள் பல இன்றும் ஓடுகின்றன. பெட்ரோலில் ஓடும் இந்தப் பழைய டிராக்டர்களை வைத்திருப்பவர்களுக்கு அடிக்கடி வரும் தலைவலி ஒன்று உண்டு. கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் ஒழுகுவதுதான் அது.

'இங்கிலாந்து டிராக்டருக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?' என்று நீங்கள் கேட்கலாம். உங்கள் தாத்தாவின் பழைய கப்சாய் மோட்டார் சைக்கிளில் இருப்பதும் இதே தத்துவத்தில் இயங்கும் கார்புரேட்டர்தான். அதைவிட முக்கியமானது, பழுதைத் தேடிக் கண்டுபிடிக்கும் முறை. அது எந்தத் துறைக்குப் போனாலும் கைகொடுக்கும்.

கிண்ணத்துக்குள் ஆர்க்கிமிடிஸ்

இந்த டிராக்டரில் பெட்ரோல் டேங்க் எஞ்சினுக்கு மேலே இருக்கிறது. பம்ப் கிடையாது. பெட்ரோல் தன் எடையால் இறங்கி வந்து, கார்புரேட்டரில் உள்ள சிறிய கிண்ணத்தை நிரப்புகிறது. கிண்ணத்துக்குள் ஒரு மிதவை. பெட்ரோல் ஏற ஏற மிதவையும் ஏறும். குறிப்பிட்ட மட்டம் வந்ததும் அது ஓர் ஊசி வால்வைத் தள்ளி, பெட்ரோல் வரும் வழியை அடைத்துவிடும். கழிப்பறைத் தண்ணீர்த் தொட்டியில் நடப்பதும் இதுதான். இடைநிலைப்பள்ளி இயற்பியலில் படிக்கும் ஆர்க்கிமிடிஸ் தத்துவம் இங்கே நாள் முழுவதும் வேலை செய்கிறது.

ஊசி தடுத்து நிறுத்த வேண்டிய அழுத்தம் எவ்வளவு? டேங்கில் உள்ள பெட்ரோலின் மட்டம் அரை மீட்டர் உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பெட்ரோலின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 740 கிலோகிராம். அடர்த்தி, புவியீர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்கினால் சுமார் 3,600 பாஸ்கல் வரும். காற்றழுத்தத்தில் இது 4 விழுக்காடுகூட இல்லை. மிதவை சுலபமாகத் தாங்கிவிடும். ஆனால் ஊசி நுனியில் ஒரு துரும்பு மாட்டினாலும் வழி முழுதாக அடைபடாது. கிண்ணம் நிரம்பி வழியத் தொடங்கும்.

முதலில் பாதுகாப்பு

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது தரையோடு தவழ்ந்து போய்த் தள்ளி இருக்கும் நெருப்பையும் பிடித்துக்கொள்ளும். இந்த டிராக்டரில் சூடான புகைக்குழாயும் கார்புரேட்டரும் எஞ்சினின் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. ஆகவே, சில சொட்டுகள்தானே என்று அலட்சியம் வேண்டாம். எஞ்சின் ஆறட்டும். வெளியே, காற்றோட்டமான இடத்தில் வேலை செய்யுங்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். சிகரெட், தீப்பொறி எதுவும் பக்கத்தில் கூடாது. மாணவர்கள் இதைத் தனியாகச் செய்யாமல், அனுபவசாலி ஒருவரை அருகில் வைத்துக்கொள்வது நல்லது.

ஸ்பேனருக்கு முன் கேள்விகள்

எங்கே ஒழுகுகிறது? பெட்ரோல் ஓடிப்போய்த் தாழ்வான முனையில்தான் சொட்டும். அது பழுதான இடமாக இருக்க வேண்டிய அவசியமில்லை. கார்புரேட்டரை நன்றாகத் துடைத்து உலர்த்தியபின் குழாயைத் திறந்து, முதல் ஈரம் எங்கே தோன்றுகிறது என்று பாருங்கள். கிண்ணத்தின் விளிம்பில் என்றால் கேஸ்கட். குழாய் இணைப்பில் என்றால் அங்குள்ள நட்டு அல்லது வாஷர்.

காற்று நுழையும் வாயில் ஈரம் தெரிந்தால் கதை வேறு. இந்த டிராக்டரின் கார்புரேட்டர், எஞ்சினுக்குள் காற்று போகும் குழலுக்குக் கீழே அமைந்தது. பெட்ரோல் கலந்த காற்றை எஞ்சின் மேல்நோக்கி உறிஞ்சுகிறது. அதனால் கிண்ணத்தில் மிஞ்சும் பெட்ரோல் காற்று வாய் வழியாகக் கீழே கொட்டும். அதைப் பார்த்துவிட்டு 'அடி கேஸ்கட் போய்விட்டது' என்று முடிவு கட்டுவது பலரும் செய்யும் தவறு. உண்மையில் அங்கே ஊசியோ மிதவையோதான் தன் வேலையைச் செய்யவில்லை.

எப்போது ஒழுகுகிறது? சோக்கை இழுத்துவிட்டு, எஞ்சின் கிளம்பாதபோது மட்டும் சில சொட்டுகள் விழுந்து நின்றுவிட்டால் அது பழுதே இல்லை. ஆவியாகாத பெட்ரோல் திரும்ப விழுகிறது, அவ்வளவுதான். எஞ்சினை நிறுத்தியபின், குழாய் திறந்திருக்கும்போது நிற்காமல் சொட்டினால் ஊசியையும் மிதவையையும் சந்தேகிக்கலாம். குழாயை மூடி நெடுநேரம் ஆகியும் சொட்டுகிறதா? அப்படியானால் குழாயே சரியாக மூடவில்லை.

தட்டினால் நிற்கிறதா? ஸ்க்ரூடிரைவரின் பிடியால் கிண்ணத்தின் அருகே மெதுவாகத் தட்டுங்கள். ஒழுகல் நின்றால் ஊசி சிக்கியிருக்கிறது, அல்லது தூசு மாட்டியிருக்கிறது.

இவ்வளவுக்குப் பிறகுதான் கழற்ற வேண்டும். மிதவையைக் காதருகே வைத்து ஆட்டுங்கள். உள்ளே 'களக் களக்' என்றால் அது ஓட்டை. சந்தேகம் தீர அதைச் சுடுநீரில் அமிழ்த்துங்கள். உள்ளே இருக்கும் காற்று விரிந்து, ஓட்டை வழியே குமிழிகளாக வரும். ஊசி நுனியில் வளையம்போல் தேய்மானம் இருந்தால், அது உட்காரும் இருக்கையையும் சேர்த்தே மாற்றுவது நல்லது.

பிரிட்டனில் 2021 செப்டம்பர் முதல் 10 விழுக்காடு வரை எத்தனால் கலந்த பெட்ரோல் சாதாரண ரகமாகிவிட்டது. பழைய ரப்பர், கார்க் பாகங்களை எத்தனால் கெடுத்துவிடக்கூடும். கேஸ்கட் வாங்கும்போது இதையும் கேட்டு வாங்க வேண்டும்.

கடைசிக் கேள்வி

தொழிற்பயிற்சி படித்த காலத்தில் என் கப்சாயில் பெட்ரோல் ஒழுகியது. ஒன்றையும் சோதிக்காமல் இரண்டு மாதச் சேமிப்பைப் போட்டுப் புதுக் கார்புரேட்டர் மாட்டினேன். இரண்டு வாரத்தில் அதுவும் ஒழுகியது. பட்டறைக்காரர் டேங்க் மூடியைத் திறந்து, கைவிளக்கை அடித்துக் காட்டினார். உள்ளே முழுக்கத் துரு. அந்தத் துகள்தான் பழைய ஊசியைக் கெடுத்தது. புது ஊசியையும் கெடுத்தது. பழைய கார்புரேட்டரைச் சுத்தம் செய்திருந்தாலே போதும். நான் அதைத் தூக்கி எறிந்திருந்தேன்.

எழுபது வயது டிராக்டரிலும் இதே நிலைதான். டேங்கையும் வண்டல் கிண்ணத்தையும் வடிகட்டி வலையையும் சுத்தம் செய்யாமல் ஊசியை மட்டும் மாற்றினால், ஒழுகல் திரும்பி வரும். 'எது கெட்டது?' என்பதோடு நிறுத்திவிடாமல் 'அது ஏன் கெட்டது?' என்றும் கேட்க வேண்டும். அதற்கு விடை கிடைக்கும்வரை பணப்பையைத் திறக்காதீர்கள்.