வீடு தேடி வரும் பிசியோதெரபி

பிசியோதெரபி என்றதும், எண்ணெய் தடவிக் கை, கால்களைப் பிடித்துவிடுவதுதான் அது என்று எண்ணுபவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். உண்மையில் அது உடலை மீண்டும் இயங்கப் பழக்கும் ஒரு மருத்துவத் துறையாகும். தமிழில் இதனை இயன்மருத்துவம் என்பர். பாரிசவாதத்தால் ஒரு பக்கம் செயலிழந்தவர்கள், இடுப்பெலும்பு முறிந்த முதியவர்கள், முழங்காலில் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்கள், நெஞ்சில் சளி கட்டி மூச்செடுக்கச் சிரமப்படுபவர்கள் எனப் பலருக்கும் இது தேவைப்படுகிறது. இச்சிகிச்சையை வைத்தியசாலையில் மட்டுமன்றி வீட்டிலும் பெறலாம். அதன் நன்மைகளையும் எல்லைகளையும் இக்கட்டுரையில் விளக்க விரும்புகிறேன்.

மூளை எவ்வாறு மீண்டும் பழகுகிறது?

பாரிசவாதத்தையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய் அடைபட்டால் அல்லது வெடித்தால், அப்பகுதியிலுள்ள நரம்புக் கலங்கள் இறக்கின்றன. இடது மூளை பாதிக்கப்பட்டால் வலது கையும் காலும் செயலிழக்கும்; பேச்சும் குழறலாம். இறந்த கலங்கள் மீண்டும் பிறப்பதில்லை. ஆனால் அவற்றின் வேலையில் ஒரு பகுதியை அயலிலுள்ள கலங்கள் கற்றுக்கொள்ள முடியும். ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதே அவற்றுக்கு நாம் கொடுக்கும் பாடம். முதல் மூன்று மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும். அதன் பின்னரும் மெதுவாகத் தொடரலாம். ஆகவே அந்த மாதங்களில் தவறவிடும் ஒவ்வொரு நாளும் பெறுமதியானது.

போக்குவரத்து என்னும் தடை

எங்கள் மூத்தம்மாவுக்குக் கடந்த வருடம் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் செயலிழந்தது. வைத்தியசாலையில் இருந்தவரை நாள்தோறும் பயிற்சி கிடைத்தது. வீட்டுக்கு வந்த பின்னர் கிளினிக் நாட்களில் கொண்டுபோக வேண்டியிருந்தது. ஆட்டோவில் ஏற்ற இரண்டு பேர் தேவை. வாப்பாவின் ஒருநாள் உழைப்பு போய்விடும். காத்திருந்து முறை வரும்போது மூத்தம்மா களைத்து உறங்கிவிடுவார். மழை நாட்களில் போகவே முடியவில்லை.

ஆரையம்பதியிலிருந்து மட்டக்களப்பு நகரம் பத்துக் கிலோமீற்றருக்கும் குறைவான தூரம்தான். எங்களுக்கே இப்படியென்றால், வாவிக்கு அப்பால் படுவான்கரையில் இருப்பவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். 2014ஆம் ஆண்டு மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை அவர்கள் நோயாளியைப் பாதையில் ஏற்றித்தான் வாவியைக் கடக்க வேண்டியிருந்தது. பாலம் வந்து பயணத்தைச் சுருக்கியது. ஆனாலும் நடக்க முடியாத ஒருவருக்கு வீட்டு வாசற்படியே ஒரு வாவிதான். சிகிச்சையாளர் வீட்டுக்கு வரும்போது இந்தத் தடை நீங்குகிறது. நோயாளியின் பலம் முழுவதும் பயிற்சிக்கே பயன்படுகிறது.

வீடே பயிற்சிக்கூடம்

வைத்தியசாலையில் தரை சமமாக இருக்கும். பிடித்து நடக்கக் கம்பிகள் இருக்கும். வீட்டிலோ உயர்ந்த வாசற்படி, முற்றத்து மணல், ஈரமான கிணற்றடி, குந்தியிருக்கும் மலசலகூடம் எல்லாம் உண்டு. நோயாளி வாழப்போவது இங்கேதான். எனவே இங்கேயே பழகுவது நேரடியாகப் பயன் தருகிறது.

எங்கள் வீட்டுக்கு வாரம் இரண்டு நாட்கள் வந்த பிசியோதெரபி மிஸ், முதல் நாள் மூத்தம்மாவைத் தொடுவதற்கு முன்பு வீட்டைச் சுற்றிப் பார்த்தார். வழுக்கும் கால்மிதியை எடுக்கச் சொன்னார். மலசலகூடச் சுவரில் ஒரு கைபிடி பூட்டச் சொன்னார். கட்டிலின் உயரத்தைச் சரிசெய்தார். பின்னர், “உங்களுக்கு முதலில் என்ன செய்ய ஆசை?” என்று கேட்டார். மூத்தம்மா குழறிய குரலில், “மகள், இந்தக் கையால ஒரு வாய் சோறு திண்டாப் போதும்” என்றார். அன்றிலிருந்து கோப்பையும் கரண்டியும் பயிற்சிக் கருவிகளாயின. வுழூச் செய்யும்போது கையை முகம்வரை உயர்த்துவதும், கதிரையில் இருந்து தொழும்போது முன்னே குனிந்து நிமிர்வதும் பயிற்சிகளாயின. ஐந்து வக்துத் தொழுகையை அடுத்து ஐந்து தடவை பயிற்சி என்று நேரம் வகுத்தபோது மறதிக்கும் இடமிருக்கவில்லை. இன்று மூத்தம்மா கரண்டியைப் பிடித்துச் சாப்பிடுகிறார். விரல்களால் சோறு பிசைய இன்னும் முடியவில்லை. ஆனாலும் அல்ஹம்துலில்லாஹ்.

பெண்களுக்குக் கூடுதல் நன்மை

பலர் நடமாடும் இடத்தில் காலை உயர்த்திப் பயிற்சி செய்ய எங்கள் தாய்மார்கள் கூச்சப்படுவார்கள். அதனாலேயே கிளினிக் போவதை நிறுத்திக்கொண்டவர்களும் உண்டு. வீட்டில், பெண் சிகிச்சையாளர் ஒருவரிடம், தமது அறையில் பயிற்சி பெறும்போது அவர்கள் மனம் விட்டு வலியைச் சொல்கிறார்கள். எங்கே வலிக்கிறது என்று சொன்னால்தானே சிகிச்சையும் சரியாக அமையும்!

குடும்பத்தினர் மட்டும் போதுமா?

சிகிச்சையாளர் வாரத்தில் ஓரிரு மணிநேரமே இருப்பார். மீதி நேரம் முழுவதும் குடும்பத்தினருடையது. செயலிழந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கக்கூடாது, தோள்மூட்டு நழுவிவிடும். படுக்கையில் இருப்பவரை இரண்டு மணிநேரத்துக்கு ஒரு தடவையாவது திருப்பிப் படுக்க வைக்க வேண்டும்; இல்லாவிட்டால் படுக்கைப்புண் வரும். இவற்றை நேரில் பார்த்துக் கற்க வீட்டுச் சிகிச்சை உதவுகிறது.

அப்படியானால் குடும்பத்தினரே கற்றுக்கொண்டு எல்லாவற்றையும் செய்துவிடலாமா? இக்கேள்விக்கு விடை காண இந்தியாவில் ‘அட்டென்ட்’ என்ற பெரிய ஆய்வு நடத்தப்பட்டது. 14 வைத்தியசாலைகளில் 1,250 பாரிசவாத நோயாளிகள் இதில் சேர்க்கப்பட்டனர். ஒரு பிரிவினரின் குடும்பங்களுக்கு மேலதிகமாகப் பயிற்சி கற்பிக்கப்பட்டது. மற்றப் பிரிவினருக்கு வழமையான கவனிப்பு மட்டுமே. 2017இல் ‘லான்செட்’ மருத்துவ சஞ்சிகையில் முடிவு வெளியானது. ஆறு மாதங்களின் பின்னர் இறந்தவர்களும் பிறரில் தங்கியிருந்தவர்களும் இரு பிரிவிலும் 47 சதவீதமாகவே இருந்தனர். மறுபுறம், பல நாடுகளின் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, பயிற்றப்பட்ட குழுவினர் வீடு தேடிச் சென்று சிகிச்சை அளித்தால், இலேசான அல்லது நடுத்தரமான பாதிப்புள்ளவர்கள் பிறரில் தங்கியிருப்பது குறைகிறது என்று தெரியவந்துள்ளது. குடும்பத்தின் அன்பு அவசியம். ஆனால் அது பயிற்றப்பட்டவரின் இடத்தை நிரப்பாது என்பதே இவற்றிலிருந்து நான் விளங்கிக்கொண்டது.

இன்னொன்றையும் பெற்றோரிடம் சொல்ல வேண்டும். ‘குடும்பத்தினர்’ என்று சொல்லும்போது அந்தச் சுமை பெரும்பாலும் உம்மாவின் தோளிலும் வீட்டிலுள்ள பெண்பிள்ளையின் தோளிலுமே விழுகிறது. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இரவு இரண்டு தடவை எழும்ப வேண்டியிருக்கும். ஆண்பிள்ளைகளும் திருப்பிப் படுக்க வைக்கவும் தூக்கவும் கற்றுக்கொண்டால் சுமை பகிரப்படும். எங்கள் வீட்டில் இப்போது சுபஹுக்குப் பின்னரான பயிற்சி நானாவின் பொறுப்பு.

கவனிக்க வேண்டியவை

வீட்டுச் சிகிச்சை எல்லோருக்கும் பொருந்தாது. பெரிய கருவிகளும் வைத்தியரின் அன்றாடக் கண்காணிப்பும் தேவைப்படுபவர்கள் வைத்தியசாலையிலேயே இருக்க வேண்டும். தனியார் சிகிச்சையாளருக்குப் பணமும் செலவாகும். எனவே தொடங்குவதற்கு முன்பு வைத்தியரின் ஆலோசனையைப் பெறுங்கள். வருபவர் இலங்கை மருத்துவ சபையில் பதிவுசெய்தவரா என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல. வாரந்தோறும் வர வசதியில்லாவிட்டால், மாதத்தில் ஓரிரு முறையாவது வந்து பயிற்சிகளைத் திருத்தித் தருமாறு கேட்கலாம். சக்கர நாற்காலி, ஊன்றுகோல் போன்றவற்றுக்குப் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரை நாடலாம். திடீரென வாய் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிராமல் உடனே 1990 இலவச அம்புலன்ஸை அழையுங்கள்.

எம் கல்லூரிச் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. பேராதனை, கொழும்புப் பல்கலைக்கழகங்களில் பிசியோதெரபி பட்டப்படிப்பு உண்டு. உயர்தரத்தில் உயிரியல் விஞ்ஞானம் கற்பவர்கள் அதற்கு விண்ணப்பிக்கலாம். வைத்தியர், ஆசிரியை என்ற இரண்டு கனவுகளோடு மட்டும் நாம் நின்றுவிடத் தேவையில்லை. எங்கள் ஊர்களில் கதவுக்கு உள்ளே படுத்திருக்கும் எத்தனையோ தாய்மார்களுக்கு, கதவைத் தட்டி உள்ளே வரக்கூடிய பெண் சிகிச்சையாளர்கள் தேவைப்படுகிறார்கள். அவர்களுள் ஒருத்தியாக நானும் வர வேண்டும் என்பதே என் ஆசை. வல்ல அல்லாஹ் நோயுற்ற அனைவருக்கும் பூரண சுகத்தை அளிப்பானாக!