வேயி நகரத்துச் சுரங்கம்

மும்பையிலிருந்து புனே செல்லும் ரயில் மலைச் சுரங்கத்துள் நுழைந்ததும் குழந்தைகள் கூச்சலிடுவதை வாசகர்கள் கேட்டிருப்பர். அதனை வெட்டிய கைகளை எவரும் நினைப்பதில்லை. ரயில்வே குமாஸ்தாவாகிய நாமும் நினைத்ததில்லை. வேயி நகரம் வீழ்ந்த வரலாற்றைப் படித்த பின்னரே அவ்வெண்ணம் எழுந்தது.

ரோமுக்கு வடமேற்கே சுமார் 16 கிலோமீட்டரில், செங்குத்தான பாறைச் சரிவுகளின்மேல் அமைந்திருந்தது வேயி. எட்ருஸ்கர் என்னும் இனத்தாரின் செல்வ நகரம் அது. இரு நகரங்களுக்கும் நெடுநாட் பகை. பத்தாண்டு முற்றுகைக்குப் பின், கி.மு. 396இல் காமில்லஸ் என்னும் தளபதி அதைக் கைப்பற்றினான்.

கோட்டை மதிலைத் தாண்ட இயலாமையால், காமில்லஸ் நிலத்தடியில் வழி வெட்டச் செய்தான் என்று லிவி என்னும் ரோமானிய வரலாற்றாசிரியர் எழுதுகிறார். தோண்டுவோரை ஆறு பிரிவாக்கி, பிரிவுக்கு ஆறு மணி நேரமென இரவு பகலாக முறைவேலை வாங்கினானாம். இரவு டூட்டி பார்த்தவர்க்கு அவர்கள் பாடு நன்கு விளங்கும்! நகரின் உச்சியிலிருந்த ஜூனோ தேவியின் கோயிலுக்குள் வீரர்கள் திடீரென வெளிப்பட்டனர் என்பது கதை. கதையின் சில பகுதிகள் நாடக மேடைக்கே பொருந்துவன என்று லிவியே கூறிவிடுகிறார். அவர் எழுதியதும் ஏறக்குறைய நான்கு நூற்றாண்டுகள் கழித்தே.

எனினும் இது வெறுங்கற்பனையென்று தள்ளிவிட இயலாது. 1950களில் ரோமிலுள்ள பிரிட்டிஷ் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த வார்டு-பெர்க்கின்ஸ் என்பாரும் அவர் குழுவினரும் வேயிப் பகுதியை நடந்து நடந்து ஆராய்ந்தனர். அங்குள்ள மென்மையான எரிமலைப் பாறையில், ஓர் ஆள் நுழையத்தக்க நீர்வடிகாற் சுரங்கங்கள் பல காணப்பட்டன. அவை எட்ருஸ்கர் தம் வயல்களுக்காக வெட்டியவை. காமில்லஸின் சுரங்கம் இதுதான் என்று சுட்டத்தக்கது எதுவும் அகப்படவில்லை. பழைய வடிகால் ஒன்றின் வழியே ரோமானியர் புகுந்திருக்கலாம் என்று அறிஞர் சிலர் கருதுவர். நமக்கும் அதுவே பொருத்தமாகத் தோன்றுகிறது.

ஆயினும் வேயியை வென்றது சுரங்கமன்று, சம்பளமே என்பது நம் கருத்து. முன்னெல்லாம் ரோமானியக் குடியானவன் கோடையில் போரிட்டு, பின்னர்த் தன் வயலுக்குத் திரும்பிவிடுவான். கி.மு. 406இல் வீரர்க்கு ஊதியம் அளிக்க ஆட்சி மன்றம் தீர்மானித்தது என்கிறார் லிவி. வெள்ளி நாணயம் அன்று அவர்களிடம் இல்லை. ஆகவே செல்வர் சிலர் தம் வரியை வெண்கலக் கட்டிகளாக வண்டியிலேற்றிக் கருவூலத்துக்கு அனுப்பினராம்! மக்கள் மகிழ்ந்தனர். மூன்றாண்டுகளில் அதன் விலை தெரிந்தது. வேயியின் முன்னே பனிக்காலக் குடிசைகள் எழுந்தன; வீரர்கள் ஆண்டு முழுதும் வீடு திரும்பவில்லை. கூலி பெற்றவனுக்கு ஓய்வு இல்லாமற் போயிற்று என்று மக்கள் தலைவர்கள் மன்றத்திலே முழங்கினர்.

அந்நகரத்து மக்களில் பிழைத்தோர் அடிமைகளாக விற்கப்பட்டனர். அவர்கள் முன்னோர் ஓடையொன்றைத் திருப்புவதற்காகப் பாறையைக் குடைந்த பொன்ட்டே சோடோ என்னும் வழியில் மட்டும் தண்ணீர் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.