மீனுக்கு எந்த எண்ணெய்?

மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய்ப் புட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள். ஒரு சொட்டு விழாது. பக்கத்தில் இருக்கும் நல்லெண்ணெயோ குளிரை லட்சியம் செய்யாமல் ஓடி வருகிறது. ரசாயனம் படிக்காத பாட்டிக்கும் தெரிந்த சங்கதி இது. ஆனால் இந்தச் சின்னச் சங்கதியை நம்பித்தான் நார்வே தேசத்தில் கோடிக்கணக்கான மீன்கள் உயிர் வாழ்கின்றன என்றால் ஆச்சரியமாக இல்லையா?

நார்வேக்காரர்கள் கடலில் பெரிய வலைக் கூண்டுகளை மிதக்கவிட்டு அவற்றில் சால்மன் மீன் வளர்க்கிறார்கள். 1970-ல் ஹிட்ரா என்ற தீவில் இரண்டு சகோதரர்கள் துணிந்து இறங்கிய தொழில், இன்று ஆண்டுக்கு 10 லட்சம் டன்னுக்கு மேல் தருகிறது.

குளிருக்கு ஏற்ற கொழுப்பு

மீனுக்கு நம்மைப் போல் சொந்தச் சூடு கிடையாது. தண்ணீர் 8 டிகிரி என்றால் அதன் உடம்பும் 8 டிகிரிதான். உடம்பின் ஒவ்வோர் அணுவையும் கொழுப்பாலான மெல்லிய ஜவ்வு ஒன்று மூடியிருக்கிறது. அது தேங்காய் எண்ணெய் மாதிரி உறைந்துபோனால்? உள்ளே போக வேண்டியது போகாது. வெளியே வர வேண்டியது வராது. ஆகவே குளிர்ந்த நீரில் மீன், உறையாத கொழுப்பை ஜவ்வில் அதிகம் சேர்த்துக்கொள்கிறது. நீர் சூடேறினால் குறைத்துக்கொள்கிறது. மார்கழிக்குக் கம்பளி, சித்திரைக்கு மல் துணி என்று நாம் மாற்றுவதில்லையா, அதைப் போல!

உறையாத கொழுப்புகளில் சிறந்தவை, டாக்டர்கள் இதயத்துக்கு நல்லது என்று சொல்லும் ஒமேகா 3 வகையில், கடலுக்கே உரிய சில. அவற்றை முதலில் தயாரிப்பவை மிதக்கும் நுண்பாசிகள். பாசியைச் சிற்றுயிர் தின்ன, அதைச் சிறுமீன் தின்ன, கைமாறிக் கைமாறிப் பெரிய மீனுக்கு வந்து சேரும் சொத்து அது.

தீனியில் வந்த மாற்றம்

கூண்டு மீனுக்கு இந்தச் சொத்து தீனியில்தான் வர வேண்டும். 1990-ல் நார்வே சால்மன் தீனியில் சுமார் 90 சதவிகிதம் மீன் தூளும் மீன் எண்ணெயுமாக இருந்தது. ஆனால் பெரு நாட்டு நெத்திலி போன்ற சிறுமீன்களை எவ்வளவுதான் வாரி எடுப்பது? அள்ள அள்ளக் குறையாத களஞ்சியமா கடல்? எனவே கடுகுக்கு உறவான ரேப் விதையின் எண்ணெயும் சோயாவும் தீனியில் நுழைந்தன. 2013-ல் கடல் சரக்கு ஏறக்குறைய 30 சதவிகிதத்துக்கு இறங்கிவிட்டது.

மீன் நன்றாகத்தான் வளர்ந்தது. ஆனால், தின்றதுதானே உடம்பில் ஒட்டும்? ஸ்காட்லாந்தின் வளர்ப்பு சால்மனை ஸ்டர்லிங் பல்கலைக் கழகத்தார் ஆராய்ந்தார்கள். 2006-க்கும் 2015-க்கும் இடையே அந்த நல்ல கொழுப்பு பாதியாகிவிட்டது! முன்பு ஒரு துண்டில் கிடைத்ததற்கு இப்போது இரண்டு துண்டு வேண்டும். தன் குழந்தையின் தட்டில் ஒரு துண்டு வைக்கும் தாய்க்கு இது லேசான விஷயமா?

சல்லிசாகப் பாமாயில் போடலாமே என்றால், அதன் உறையும் கொழுப்பு குளிர்நீரில் மீனுக்குச் சரியாக ஜீரணமாவதில்லை. சரி, நீர் சூடேறட்டுமே என்றால், 18 டிகிரியைத் தாண்டினால் சால்மனுக்குப் பசியே குன்றிவிடுகிறது. கடல் சூடேறியதால் 2023-ல் பெருவில் அந்த ஆண்டின் முதல் நெத்திலிப் பருவமே ரத்தாகி, மீன் எண்ணெய் விலை எகிறியது.

பரிகாரம் இல்லாமல் இல்லை. விற்பனைக்கு முன் சில மாதம் மீன் எண்ணெய்த் தீனி கொடுத்தால் இழந்ததில் பெரும்பகுதி திரும்புகிறது. நுண்பாசியையே தொட்டியில் வளர்த்து எண்ணெய் எடுக்கிறார்கள். நம் கடற்கரையின் மத்தி மீனுக்கு இந்தத் தொல்லையெல்லாம் இல்லை. மலிவு விலையில் கடல் சொத்தை நேராகக் கொண்டு வருகிறது.

மீன் வாங்கும்போது கண்ணைப் பார்க்கிறோம், செவுளைத் தூக்கிப் பார்க்கிறோம். வளர்ப்பு மீனானால் இன்னொரு கேள்வியும் கேட்டு வையுங்கள்: "இது என்ன சாப்பிட்டு வளர்ந்தது?"